செல்லாக்காசும் சேகரக்காசும்: சேலம் சமவெளியிலிருந்து சில குறிப்புகள்

1

தமிழில் ‘நாணயம்’ என்றால் உலோக வில்லையும்தான், சொன்ன சொல் மாறாத குணமும்தான். ‘செல்லாக்காசு’ என்றால் கடைக்காரர் திருப்பித் தள்ளும் காசும்தான், ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த மனுஷனும்தான். காசை மதிப்பிடும் வாக்கும் ஆளை மதிப்பிடும் வாக்கும் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்பது நம் பேச்சுமொழிக்குத் தெரிந்தே இருக்கிறது. இக்கட்டுரை அந்த வாக்கைப் பற்றியது. ஒரு காசு செல்லும், செல்லாது என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? அந்தச் சொல்லால் லாபம் யாருக்கு, நஷ்டம் யார் கையில் வந்து விழுகிறது?

அண்மை வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். 2016இன் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பத்து ரூபாய் நாணயம் நடமாட்டத்தில் நின்றுபோனது. சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கமும் அப்படித்தான். ‘பத்து ரூபா காயின் இங்க ஓடறதில்லீங்க, நோட்டா இருந்தா குடுங்க’ என்பது மளிகைக் கடையிலும் சந்தையிலும் சாதாரணப் பேச்சானது. இந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு வதந்தி இருந்தது. வெறும் வதந்தி அல்ல, நுணுக்கமான வதந்தி. நாணயத்தின் மேல்பாதியில் கதிர்கள்போல நிற்கும் கோடுகளை எண்ணு. பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி. ரூபாய்க் குறி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போலி.

உண்மை வேறு. இரட்டை உலோகப் பத்து ரூபாய் நாணயம் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. ரூபாய்க் குறி 2010இல்தான் ஏற்கப்பட்டது. நாணயத்தில் 2011இலிருந்து பொறிக்கப்பட்டது. ஆக, முன்னதில் குறி இருக்க வழியே இல்லை. ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் ஒரு முறையும், 2018 ஜனவரியில் மறுபடியும் அறிக்கை விட்டது. அதுவரை வெளியிட்டவை பதினான்கு வடிவமைப்புகள், பதினான்கும் செல்லும் என்றது. அரசின் வாக்கு இது. சந்தையின் வாக்கோ அசையவில்லை. அரசு அச்சிட்டது, அரசே செல்லும் என்றது. ஆனால் சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்குக்கூட அது ஆகவில்லை.

2022இல் இரண்டு செய்திகள் வந்தன. மார்ச்சில் சேலத்து இளைஞர் ஒருவர் 2.6 லட்சம் ஒரு ரூபாய் நாணயங்களைக் கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஜூனில் அரூர்க்காரர் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேலத்துக்குக் கொண்டுவந்து கார் வாங்கினார். முதலாவதை வினோதச் செய்தி என்று தள்ளிவிடலாம். இரண்டாவதில் ஒரு வாதம் இருந்தது. வாங்கிய காசு வேறெங்கும் ஓடாமல் கடையில் தங்கிப்போனது, குழந்தைகள் அதைச் செல்லாதது என்று வைத்து விளையாடினார்கள், செல்லும் என்று காட்டவே இப்படிச் செய்தேன் என்றார் அவர். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய்வரைதான் ஒருவர் நாணயங்களாகக் கொடுப்பதை மற்றவர் சட்டப்பூர்வப் பணமாக ஏற்கக் கடமைப்பட்டவர். ஆறு லட்சத்தை வாங்கமாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லியிருந்தால் சட்டம் அவர் பக்கம். பத்து ரூபாய்க் கீரைக்கு வாங்கமாட்டேன் என்ற கடைக்காரர் பக்கம் சட்டம் இல்லை. நடந்தது நேர்தலைகீழ். பத்து ரூபாயாக நுழைய முடியாத காசு ஆறு லட்சமாகத் திரண்டதும் நுழைந்தது.

2

கோடுகளை எண்ணி, குறியைத் தேடி, வருஷத்தைப் பார்த்து ஒரு நாணயத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் வேலைக்கு நாணயவியலில் ஒரு பெயர் உண்டு: வகை பிரித்தல். சந்தையில் காய் விற்கும் அம்மாவும் பேருந்து நடத்துநரும் சில ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார்கள், கூலியில்லாமல், பயத்தோடு. இதே வேலையைச் சந்தோஷத்தோடும் பெரும் பணத்தோடும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டும். காரணம், அங்கும் மக்கள் வேண்டாம் என்று தள்ளிய நாணயம் ஒன்றுதான் கதையின் நடுவில் இருக்கிறது.

அமெரிக்க அரசு 1979இல் சூசன் அந்தோணி டாலரையும், 2000இல் சகாஜாவியா டாலரையும், 2007இலிருந்து குடியரசுத் தலைவர்கள் வரிசை டாலரையும் நாணயமாக அடித்தது. மக்கள் காகித டாலரை விடவில்லை. 2011 டிசம்பரில், புழக்கத்துக்காகக் குடியரசுத் தலைவர் டாலர்களை அடிப்பது நிறுத்தப்பட்டபோது, மத்திய வங்கியின் பெட்டகங்களில் 140 கோடிக்கும் மேற்பட்ட டாலர் நாணயங்கள் தேங்கிக் கிடந்தன. அரசு செல்லும் என்று சொல்லியும் ஓடாத காசு நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல.

ஆனால் அங்கே தேக்கத்திலிருந்து இன்னொரு ஓட்டம் கிளம்பியது. 1986இல் ஒன்று, 1987இல் ஒன்று என அங்கே இரு தனியார் தரமிடும் நிறுவனங்கள் தோன்றியிருந்தன. காசை அனுப்பினால் அவர்கள் அதைப் பார்த்து, ஒன்றிலிருந்து எழுபதுவரை ஒரு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பேழைக்குள் மூடி முத்திரையிட்டு, வரிசை எண்ணோடு திருப்பி அனுப்புவார்கள். பின்னர் அதே நிறுவனங்கள் ‘ரிஜிஸ்ட்ரி செட்’ என்ற போட்டிப் பதிவேட்டையும் தொடங்கின. ஒரு வரிசையின் அத்தனை வருஷங்களையும், அத்தனை நாணயச்சாலைக் குறிகளையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு நாணயத்தின் மதிப்பெண்ணும் அபூர்வமும் கணக்கில் சேரும். சராசரி போட்டு முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவார்கள். வெற்றுக் கண்ணுக்கு 68க்கும் 69க்கும் வித்தியாசம் லேசில் தெரியாது. பட்டியலில் அந்த ஒரு மதிப்பெண் இடத்தை மாற்றும். சில நாணயங்களில் விலையையே பல மடங்காக்கும்.

இதில் பிழைக்காசுக்குத் தனி மரியாதை. 2007இன் ஜார்ஜ் வாஷிங்டன் டாலரில் வருஷமும், கடவுள்மேல் நம்பிக்கை வைக்கும் வாசகமும் விளிம்பில்தான் பொறிக்கப்பட்டன. விளிம்பில் எழுதுவது தனி எந்திரத்தின் வேலை. ஏராளமான காசுகள் அந்த எந்திரத்தைத் தொடாமலே மூட்டையேறிவிட, ‘கடவுள் இல்லாத டாலர்’ என்று பெயர் வந்தது. கொஞ்ச காலம் நல்ல விலை போனது. 2000இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் இதைவிட அபூர்வம் நடந்தது. கால் டாலரின் முன்பக்க அச்சும் ஒரு டாலரின் பின்பக்க அச்சும் ஒரே எந்திரத்தில் சேர்ந்துவிட்டன. ஒருபக்கம் ‘கால் டாலர்’, மறுபக்கம் ‘ஒரு டாலர்’ என்று தன்னையே மறுத்துக்கொள்ளும் காசு. சேகரிப்பாளர்கள் இந்த வகையைக் கோவேறு கழுதை என்கிறார்கள். இருபதுக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் வெளிவந்திருக்கின்றன. இப்படி ஒரு காசு நம் சந்தையில் கிடைத்திருந்தால் ‘என்னாங்க இது, ரெண்டு பக்கமும் ரெண்டு பேச்சு பேசுது’ என்று திருப்பித் தந்திருப்பார்கள்.

ஆக, வேறுபாடு என்பது தன்னளவில் குறையுமல்ல, நிறையுமல்ல. பதினைந்து கோடு பத்துக் கோடானது அரூர்க் கடையில் நஷ்டம். அதுபோன்ற வேறுபாடு சேகரிப்பாளரின் பெட்டியில் சொத்து. இரண்டையும் பிரிப்பது காசில் இல்லை. அந்தக் காசை நிறுத்திவைக்க வசதியுள்ள கைக்கும், வாங்கிய பொழுதே அடுத்த கைக்குக் கடத்தியாக வேண்டிய கைக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது.

3

இந்தத் தூரத்துக்கு நம் பகுதியில் பழைய பெயர் ஒன்று உண்டு: வட்டம். ஒரு காசை இன்னொரு காசாக மாற்றும்போது சராப்பு பிடித்துக்கொள்ளும் கழிவு அது. ‘வட்டம் போக எவ்வளவு வரும்?’ என்று கேட்ட தலைமுறைகள் இருந்தன.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நாடுகளில் சேலமும் பாராமகாலும் அடக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டரானார். அவருக்குக் கீழே மன்றோ, கிரஹாம், மக்லியோட் என்ற உதவியாளர்கள்; சேலம், நாமக்கல் உள்ளிட்ட தென்பகுதி மக்லியோட் பொறுப்பு. பிற்காலத்தில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறை இங்கேதான் பரிசோதிக்கப்பட்டது. நிலத்தை அளந்து, தீர்வையை நிர்ணயித்து, குடியானவரிடமிருந்து நேரே காசாக வாங்குவது. தானியத்தில் பங்கு என்றால் விளைச்சல் குறைந்த வருஷம் அரசின் பங்கும் குறையும். காசு என்று வந்துவிட்டால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் காசைத் தேடிக் கொண்டுவரும் பாரம் குடியானவர் தலையில்.

எந்தக் காசு? அங்கேதான் சிக்கல். மைசூர் ஆட்சியின் வராகன், கண்டிராயப் பணம், திப்புவின் யானைக் காசு, சென்னையில் கும்பெனி அடித்த நட்சத்திர வராகன், பணம், காசு என்று பல குடும்பத்து நாணயங்கள் ஒரே காலத்தில் நடமாடின. சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. கணக்கு தாளில் அழகாக இருக்கும். கையில் உள்ள காசு தேய்ந்ததா, வெட்டுப்பட்டதா, எந்த ஊர் அச்சு என்று பார்த்துச் சொல்ல சராப்பு இல்லாமல் முடியாது. சராப்பு தட்டிப் பார்ப்பார், உரசிப் பார்ப்பார், எடை போடுவார். அவர் சொன்னதுதான் வாக்கு. பணக்கார மிராசுதார் நல்ல விலை வரும்வரை காசைப் பெட்டியில் வைத்திருக்கலாம். கிஸ்திக்கு நாளாகிவிட்ட சிறுவிவசாயி சொன்ன வட்டத்துக்கு மாற்றியே தீரவேண்டும். வகை பிரிக்கத் தெரிந்தவருக்கு லாபம். வகை தெரிந்தாலும் காத்திருக்க முடியாதவருக்கு நஷ்டம். இன்றைய சேகரச் சந்தையின் இலக்கணமும் இதுவே.

ஆங்கில அரசு இதைத் தீர்த்துவைத்ததாகச் சொல்லிக்கொண்டது. 1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் போய் ரூபாய் கணக்குக்கு வந்தது. 1835இல் கும்பெனி ஆட்சிப்பரப்பு முழுமைக்கும் 180 குன்றிமணி எடைகளாக அல்ல, 180 கிரெயின் எடையில் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தது. 1869இல் சென்னை நாணயச்சாலை மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிச்சம். ஒரு ரூபாய் எங்கு போனாலும் இன்னொரு ரூபாய்க்குச் சமம் என்பதே நவீன அரசின் வாக்குறுதி. ஆனால் மக்கள் காசைத் தங்கள் கண்ணாலேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளி ரூபாய் உருகி நகையாவது நாடு முழுக்க இருந்த வழக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற கொலுசுப் பட்டறைகளின் கண்ணுக்கு வெள்ளிக்காசில் ராஜா தலை முக்கியமில்லை, எடைதான் பேச்சு. 1911இன் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அவர் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடித்ததில் பெரும்பகுதியை அரசே திரும்ப உருக்கியது. 1912இல் யானைக்குத் தும்பிக்கை தெளிவானது. அன்று மக்கள் மறுத்த அந்தப் ‘பன்றி ரூபாய்’ இன்று சேகரிப்பாளர் தேடும் காசு. 2005 முதல் 2007வரை வந்த இரண்டு ரூபாயில் நான்கு தலைகள் ஓருடலில் சேரும் சின்னத்தைச் சிலர் சிலுவை என்று வாசித்துச் சண்டை போட்டதும், பிறகு கைமுத்திரை வடிவம் வந்ததும் அதே வரலாற்றின் தொடர்ச்சி.

4

தரம் பிரிக்கும் கண்ணுக்கு ஒரு வம்சாவளி உண்டு. அதை இரு பெயர்களில் காணலாம்.

எட்கர் தர்ஸ்டன் 1885முதல் 1908வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தமிழ் வாசகர்களுக்கு அவர் 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்’ ஏழு தொகுதிகளால் அறிமுகம். சாதிகளை அகரவரிசையில் அடுக்கி, மூக்கையும் மண்டையையும் அளந்து எண்களாக்கியவர். அதிகம் பேசப்படாத விஷயம், அவர் அதற்கு முன்பே நாணயங்களைப் பட்டியலிட்டவர் என்பது. கிழக்கிந்தியக் கும்பெனியின் தென்னக நாணயங்களைப் பற்றிய அவர் நூல் 1890இல் வந்தது. அருங்காட்சியகத்தின் மைசூர்க் காசுகளுக்கும் ரோமக் காசுகளுக்கும் அட்டவணை போட்டார். காசை வகை, உட்பிரிவு, மாதிரி என்று பிரித்த அதே மேசையில்தான் ஆட்களும் பிரிக்கப்பட்டார்கள்.

இரண்டாமவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன். மனித உடல்களை மூன்று கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றுமுதல் ஏழுவரை மதிப்பெண் போட்டு, உடலமைப்பிலிருந்து குணத்தையும் குற்றத்தையும் வாசிக்க முடியும் என்றவர். நிர்வாணப் புகைப்படங்களைக் கொண்டு மனித வகைகளின் தொகுப்பே வெளியிட்டார். அவர் ஆராய்ச்சி மதிப்பிழந்துவிட்டது. ஆனால் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக அவர் வகுத்த ஒன்றுமுதல் எழுபதுவரையிலான தர அளவைதான் இன்று உலகச் சேகரச் சந்தையை ஆள்கிறது. ரிஜிஸ்ட்ரிப் போட்டியின் ஒவ்வொரு எண்ணும் அதிலிருந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அங்கே வைத்தவர் அவர் என்பது அவர் இறந்த பிறகு நிரூபணமானது. தரத்தை நிர்ணயித்தவரின் ‘நாணயம்’ இப்படி.

உடலுக்கு எண் போட்டதும் காசுக்கு எண் போட்டதும் தற்செயலான ஒற்றுமை என்று நாம் கடந்துபோக வேண்டியதில்லை. காசுக்கு எண் போட்டால் காசுக்கு வலிக்காது. அதே பழக்கம் ஆளுக்கு வந்து சேரும்போது என்ன ஆகும் என்று நம் சமவெளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலியைக் கையில் கொடுக்காமல் மேலேயிருந்து போட்டதும், கடைப் பலகையில் வைக்கச் சொல்லித் தண்ணீர் தெளித்து எடுத்ததும் நம் கிராமங்களின் நினைவில் இருப்பவைதான். இரட்டைக் குவளை தமிழ்நாட்டில் ஆவணப்படுத்தப்பட்ட நடைமுறை. கைமாறுவதற்காகவே படைக்கப்பட்ட பொருள் காசு. அந்தக் காசுகூடச் சில கைகளிலிருந்து சில கைகளுக்கு நேரே மாற முடியாமல் நடுவில் ஒரு வெற்றிடம் வைக்கப்பட்டது.

இந்த இடத்தில் எழுபது மதிப்பெண் என்பதன் பொருளைப் பார்க்க வேண்டும். அது எந்தக் கையும் படாத காசுக்குத் தரப்படும் எண். மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் காட்டுவது, காசு ஓட ஓடத் தேய்கிறது, பெயரளவு மதிப்பும் உலோக மதிப்பும் பிரிகின்றன, அதனாலேயே காசு வெறும் குறியாக மாற முடிகிறது என்பது. தேய்மானம் என்பது காசு செய்த வேலையின் தழும்பு. தரமிடுவோரின் அளவையில் அந்தத் தழும்புதான் முதல் குற்றம். எவரும் தீண்டாத காசு உச்சத்தில். ஆயிரம் கை பட்ட காசு அடியில். மனிதரில் தீண்டாமை ஒருவரைக் கீழே தள்ளுகிறது, காசில் மேலே தூக்குகிறது. இரண்டிலும் உழைத்த கையின் தொடுகை அழுக்கு என்று கணக்கிடப்படுகிறது.

5

அப்படியானால் சேகரிப்பதே ஆதிக்கப் பழக்கமா? அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சேகரிப்பாளர் பொருளைப் பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறார் என்று வால்டர் பெஞ்சமின் கருதினார். போதிரியார் 1968இல், சேகரத்தில் இல்லாத அந்த ஒரு பொருள்தான் முக்கியம், சேகரிப்பவர் கடைசியில் சேகரிப்பது தன்னையே என்றார். இருவர் சொல்வதும் உண்மை. நாலணா, எட்டணாவை டப்பாவில் போட்டுவைத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனிடம் பெஞ்சமின் சொன்ன சந்தோஷம் இருக்கிறது. நாலணா 2011 ஜூன் 30உடன் சட்டப்படி செத்தது. எட்டணா சட்டப்படி உயிரோடிருந்தும் கடையில் செத்தது. வருஷத்துக்குக் கீழே வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா என்று படிக்கக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு, காசு வானத்திலிருந்து விழவில்லை, ஏதோ ஊரில் யாரோ ஒரு தொழிலாளி நின்று அடித்தது என்று தெரிகிறது. பிழைக்காசு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. நகர்ந்து விழுந்த அச்சில், வெட்டுப்பட்ட விளிம்பில்தான் எந்திரமும் அதன்முன் நின்ற ஆளும் வெளித்தெரிகிறார்கள். பிழையில்லாத காசு அவர்களை மறைத்துவிடும்.

ஆனால் போட்டிப் பதிவேட்டில் அந்த ஆளுக்கு இடமில்லை. சேர்த்தவர் பெயர் இருக்கும். கண்டெடுத்தவர் பெயர் இருக்காது. இது நமக்குப் பழைய கதை. நாமக்கல்லிலிருந்து காவிரியைத் தாண்டினால் கரூர். அங்கே அமராவதி ஆற்று மணலை அரித்தவர்கள் எடுத்த காசுகளில் ‘கொல்லிப்புறை’, ‘மாக்கோதை’ என்ற பெயர்கள் படிக்கப்பட்டன. சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய ஆய்வே அதனால் திசைமாறியது. படித்துப் பதிப்பித்தவர்களை வரலாறு அறியும், அறியத்தான் வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் மணல் அரித்த கைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1878இன் புதையல் சட்டமோ, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் எடுத்தால் கலெக்டருக்குச் சொல் என்று கண்டெடுத்தவரைக் குற்றவாளியாகக்கூடிய ஆளாகவே முதலில் பார்த்தது. அன்றைய பத்து ரூபாய்க்கு இருந்த மரியாதை அது.

இன்று அந்தக் கைகளை நோக்கி வேறொரு குரல் வருகிறது. ‘உங்ககிட்ட வைஷ்ணவதேவி படம் போட்ட அஞ்சு ரூபா காயின் இருக்கா? லட்சக்கணக்குல வாங்கறோம்.’ 2012இல் வைஷ்ணவதேவி ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக அரசு வெளியிட்ட சாதாரண நினைவு நாணயம் அது. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு கமிஷன், பிறகு வரி என்று கேட்டு, காசு வைத்திருப்பவரிடமிருந்தே காசு பிடுங்குவார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படி வசூலிக்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க வேண்டிவந்தது. தரமிடும் நிறுவனம் அமெரிக்கப் பணக்காரருக்கு விற்பதும் இந்த மோசடிக்காரர் நம் கூலிக்காரருக்கு விற்பதும் ஒரே ஆசையைத்தான்: உன் கையிலிருப்பது மற்றவர் கையிலிருப்பதுபோல் அல்ல. அவருக்குப் பேழையாவது கிடைக்கிறது. இவருக்கு வட்டம் மட்டும்.

6

1792இன் சராப்பு, 1890இன் அட்டவணை, 2016இன் வதந்தி, இன்றைய மதிப்பெண் பேழை எல்லாம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. காலங்கள் வேறு, அரசுகள் வேறு. ஆனால் நான்கிலும் ஒரு கேள்வி மாறாமல் நிற்கிறது: வேறுபாட்டின் செலவை யார் சுமப்பது? காத்திருக்க முடிந்தவருக்கு அது முதலீடு. அன்றாடம் காய்ச்சிக்கு அது நஷ்டம்.

பத்து ரூபாய் நாணயத்தை மறுத்தவர்களை அறியாத ஜனங்கள் என்று கேலி செய்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. 2016 நவம்பர் 8 இரவு அரசு தன் வாக்கையே ஒரு நொடியில் திருப்பிக்கொண்டு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றது. செல்லும் என்று எழுதித் தந்த காகிதம் விடிவதற்குள் செல்லாததானதைக் கண்ட கீரைக்காரம்மா, அதே வாயிலிருந்து வந்த ‘பத்து ரூபா செல்லும்’ என்ற பேச்சை ஏன் நம்ப வேண்டும்? ஒருநாள் முழுக்க விற்ற காசு நாளைக்கு மொத்தக் கடையில் நின்றுபோனால் அவருக்கு ஈடு யார்? அவர் மறுப்பு அறியாமை அல்ல. தன் தலையில் வந்து விழப்போகும் வட்டத்தை முன்கூட்டியே தள்ளிவிட்ட கணக்கு. அந்தக் கணக்கில் அவருக்குப் பின்னால் நின்ற, அவரைவிட ஏழையான வாடிக்கையாளர் நஷ்டப்பட்டார் என்பதும் உண்மைதான். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எப்போதும் அடுத்த கை இல்லாத ஆளிடம் போய் முடிகிறது.

எனவே அறிக்கைகளால் மட்டும் ஆகாது. நாணயத்தை மறுக்க முடியாத இடங்கள் வேண்டும்: எண்ணிப் பார்த்து முகம் சுளிக்காமல் வாங்கும் வங்கிக் கவுண்டர், மறுக்காத அரசுப் பேருந்து, சந்தைக்குள்ளேயே நோட்டாக மாற்றித்தரும் ஏற்பாடு. நாணயத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அபூர்வக் காசுகளின் பட்டியல்கள் போதுமான அளவு இருக்கின்றன. எந்த ஊரில், எந்த வருஷம், எந்தக் காசு, யார் கையிலிருந்து மறுக்கப்பட்டது என்ற பட்டியலை இதுவரை யாரும் போடவில்லை. சேலத்துச் சந்தைகளிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் அதைச் சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்து நாம் தொடங்கலாம்.